நான் அரைத்த சோயா பால்

"பாக்கெட் சோயா பால்தானே குடுக்குறீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"ஆமாங்க" என்றேன்.

பொய். யோசித்துச் சொன்ன பொய்கூட இல்லை, கேட்ட மாத்திரத்தில் வாயில் வந்து நின்றது. என் பக்கத்து நாற்காலியில் வலது கையில் மாவுக்கட்டோடு என் மகள் உட்கார்ந்திருந்தாள். அப்போது அவளுக்கு ஏழு வயது. நான் சொன்னதைக் கேட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள், பிறகு டாக்டரம்மாவைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். மேசைக்கு அடியில் அவள் தொடையில் கையை வைத்து ஒரு அமுக்கு அமுக்கினேன். வாயை மூடிக்கொண்டாள்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சர். வீட்டுக்காரர் விவசாயம், சொந்தம் கொஞ்சம், குத்தகை கொஞ்சம். எங்களுக்கு ஒரே பெண். எனக்கு வாய் நீளம். தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் வராது. இந்த இரண்டாவது குணம் என் பிள்ளையின் எலும்பு வரைக்கும் போகும் என்று நான் நினைக்கவில்லை.

அவளுக்குப் பால் ஆகாது என்பது எட்டாவது மாதத்தில் தெரிந்தது. குழைந்த சாதத்தில் இரண்டு ஸ்பூன் தயிர் விட்டுப் பிசைந்து ஊட்டினேன். கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு வருவதற்குள் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு விசில் மாதிரி இழுக்க ஆரம்பித்துவிட்டது. மன்னார்குடியில் ஊசி போட்டு உயிரைப் பிடித்து வைத்தார்கள். பிறகு தஞ்சாவூரில் ஒரு குழந்தைகள் டாக்டரிடம் காட்டினோம். பசும்பால், எருமைப்பால், ஆட்டுப்பால் எதுவும் கூடாது, தயிர் மோர் நெய் எதுவும் கூடாது என்றார். தயிர் ஊற்றிச் சாப்பிட்டால்தான் சாப்பிட்ட மாதிரி இருக்கும் என்று நினைக்கிற ஊர் எங்களுடையது. இருந்தாலும் மறுநாளே உறைமோர்க் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தேன்.

தாய்ப்பாலும் டாக்டர் எழுதித் தந்த சோயா மாவுமாக இரண்டு வயது வரை ஓட்டினோம். இரண்டு வயது முடிந்ததும் அவர் புதிதாக ஒரு சீட்டு எழுதினார். தினம் இரண்டு வேளை சோயா பால், கால்சியமும் வைட்டமின் டியும் சேர்த்தது. "சேர்த்தது" என்ற வார்த்தைக்கு அடியில் கோடு போட்டார். "எல்லா சோயா பாலும் ஒண்ணு கெடையாது. அட்டையில படிச்சுப் பாத்து வாங்குங்க டீச்சர்" என்று வாயாலும் சொன்னார். அந்தச் சீட்டு இன்றைக்கும் மஞ்சள் ஃபைலில் இருக்கிறது. பேனா மையில் கோடு போட்டது அப்படியே தெரிகிறது.

படித்துப் பார்த்துத்தான் வாங்கினேன். அதுதான் வினை. அது குறுவைக்கு உரம் எடுக்கிற சமயம். கூடத்தில் சுவரோரமாக டி.ஏ.பி. மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தார் வீட்டுக்காரர். அந்த மூட்டைக்கு எதிரே சோபாவில் உட்கார்ந்துகொண்டு பால் பாக்கெட்டைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படிக்கிறேன். தண்ணீர், சோயா, சர்க்கரை, அடுத்து டிரைகால்சியம் பாஸ்பேட். நிமிர்ந்தால் எதிரே மூட்டையில் கொட்டை எழுத்தில் டை அம்மோனியம் பாஸ்பேட்.

"இங்க பாருங்க, நீங்க வயலுக்கு விசிறுறத என் புள்ள வாயில ஊத்தச் சொல்றாங்க" என்று பாக்கெட்டை அவரிடம் நீட்டினேன்.

அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "அது வேற இது வேறயா இருக்கும்மா. டாக்டர் எழுதிக் குடுத்ததுதானே. ஒரு போன் போட்டுக் கேட்டுக்கயேன்."

"எனக்குத் தெரியாததா அவரு சொல்லப் போறாரு?"

அதற்கு மேல் அவர் பேசவில்லை. நான் இப்படிக் கேட்டால் அவர் பேச மாட்டார், எனக்கும் அது தெரியும். எலும்பில் இருப்பது கால்சியம் பாஸ்பேட் என்று வருஷாவருஷம் நான்தான் வகுப்பில் எழுதிப் போடுகிறேன். எழுதிப் போட்டது போர்டில் இருந்தால் எலும்பு, பாக்கெட்டில் இருந்தால் உரம். இவ்வளவுதான் நான் படித்த படிப்பு. வயலில் ஒரு மா நிலத்தை மட்டும் ஒதுக்கி, வீட்டுச் சாப்பாட்டுக்கு மருந்து போடாமல் நெல் போடச் சொல்லி அவரை ஏற்கனவே பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தேன். அந்த வெறியில் இதுவும் சேர்ந்துகொண்டது. பாக்கெட்டை வாசலில் செம்பருத்திக்கு ஊற்றினேன். மறுநாள் கடையிலிருந்து சோயா பயறு வாங்கி வந்து ஊறப்போட்டேன்.

சும்மா சொல்லக் கூடாது, வேலையில் நான் குறை வைக்கவில்லை. காலையில் எழுந்ததும் ஊறிய பயறைக் கையால் தேய்த்துத் தோலை மிதக்கவிட்டு வடிப்பேன். கிரைண்டரில் போட்டு இட்லி மாவுக்கு அரைப்பதைவிட நைசாக அரைப்பேன். அவருடைய பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து வைத்திருந்தேன், அதில் ஒரு முறை வடிகட்டி, போதாது என்று இன்னொரு முறையும் வடிகட்டுவேன். பச்சை வாடை போகும்வரை பக்கத்திலேயே நின்று துழாவிக் காய்ச்ச வேண்டும், கொஞ்சம் அசந்தால் அடுப்பெல்லாம் வழியும். ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு, நாட்டுச் சர்க்கரை. பார்க்க அசல் பால் மாதிரியே இருக்கும். சக்கையை அடை மாவில் கலந்துவிடுவேன், அதை நாங்கள் சாப்பிடுவோம். இப்போது யோசித்தால் கொஞ்ச நஞ்சம் இருந்த சத்தையும் வேட்டியில் வடிகட்டி நாங்கள் தின்றுவிட்டு, வெறும் வெள்ளைத் தண்ணீரைப் பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறோம்.

வெள்ளையாக இருக்கிறது, பால் என்று பேர் இருக்கிறது, ஆகவே பாலில் இருப்பதெல்லாம் இதிலும் இருக்கும் என்று நான் ஒரு நாள்கூட வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அப்படித்தான் நினைத்திருக்கிறேன். கீரை வேண்டாம் என்று அவள் துப்பும்போது, போகட்டும், பால்தான் இரண்டு வேளை குடிக்கிறாளே என்று விட்டிருக்கிறேன். நெத்திலியில் முள் இருக்கிறது என்று அழுதால் முள்ளை எடுத்துவிட்டுக் கொடுத்திருக்கிறேன். கேழ்வரகுக் கூழ் பக்கமே போகவில்லை. எல்லாவற்றுக்கும் அந்த டம்ளர் இருக்கிறது என்ற தைரியம்.

அப்புறம் பெருமை. ஸ்டாஃப் ரூமில் யாராவது பிள்ளைக்குப் பாக்கெட்டில் ஏதாவது வாங்கிக் கொடுத்தேன் என்று சொல்லிவிடக் கூடாது, நான் ஆரம்பித்துவிடுவேன். "நான் கையாலதான் அரைக்கிறேன், அஞ்சு பைசா கெமிக்கல் கெடையாது" என்பேன். அவர்கள் கண்ணை உருட்டியிருப்பார்கள், நான் கவனித்ததில்லை.

இந்தப் பெருமை உச்சிக்கு ஏறியது நாங்கள் புது வீட்டுக்குக் குடிபோன அன்று. பால் காய்ச்ச வேண்டுமே. பால் பொங்கி வழிந்து, அதை எல்லாரும் ஆளுக்கு ஒரு வாய் குடிக்கும்போது, வீட்டுக்கு உரிய என் மகள் மட்டும் வெளியே யார் இடுப்பிலாவது இருக்க வேண்டுமா என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நான் அரைத்த சோயா பாலைத்தான் காய்ச்சுவேன் என்று நின்றேன். அவருடைய அக்கா, "பயத்தந் தண்ணியக் காச்சிக் குடிபோறத இப்பத்தான் பாக்குறேன்" என்று காதில் விழுகிற மாதிரியே முணுமுணுத்தார். நான் காதிலேயே வாங்கவில்லை. பொங்குவதில் சோயா பால் பசும்பாலைவிட வேகம். கிழக்குப் பக்கமாக நுரைத்து வழிந்தது. முதல் டம்ளரை என் மகளிடம் கொடுத்தேன். அப்போது அவளுக்கு ஐந்து வயது. உதட்டுக்கு மேல் வெள்ளை மீசையோடு எல்லாரையும் பார்த்துச் சிரித்தாள். அந்தப் போட்டோவை ஃபிரேம் போட்டுக் கூடத்தில் மாட்டினேன்.

அடுத்த வருஷத்திலிருந்தே சாயங்காலமானால் கால் வலிக்கிறது என்பாள். "வளத்தியில வர்ற வலிடி" என்று சொல்லி நல்லெண்ணெய் தேய்த்துவிடுவேன். வகுப்பில் அவள்தான் எல்லாரையும்விடக் குள்ளம். எங்கள் பக்கம் யாரும் உயரமில்லை என்று சொல்லிக்கொண்டேன். எதற்கும் என்னிடம் பதில் இருந்தது, அதுதான் கொடுமை. ஒரு தடவை டாக்டரிடம் காட்டியிருக்கலாம். பழைய டாக்டர் வேறு ஊருக்குப் போய்விட்டார், புதிதாக ஒருவரிடம் போனால் சீட்டைக் கேட்பார், கோடு போட்ட அந்த வார்த்தையைப் பார்ப்பார். இது அப்போது என் மனசில் இருந்ததா என்று கேட்டால், இல்லை என்று சத்தியம் பண்ண முடியாது.

இரண்டாம் வகுப்பு படிக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து இறங்கப் போனவள் கால் தடுக்கிக் கையை ஊன்றி விழுந்தாள். ஓடி விளையாடி விழவில்லை, மரத்தில் ஏறி விழவில்லை, நாற்காலியிலிருந்து இறங்கினாள், அவ்வளவுதான். மணிக்கட்டுக்கு மேலே கை வளைந்துபோயிருந்தது. அவள் வீறிட்டதைவிட அந்த வளைவுதான் என் கண்ணைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது.

மன்னார்குடியில் கட்டுப் போட்ட எலும்பு டாக்டர் எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு முறை பார்த்தார். பிறகு சொன்னார். "இந்த ஒசரத்துலேர்ந்து விழுந்து இப்படி ஒடையக் கூடாதுங்க. எலும்பு ரொம்ப மெலிசா தெரியுது. தஞ்சாவூர்ல கொழந்தைங்க டாக்டர் யாரையாச்சும் பாத்துடுங்க."

அப்படித்தான் அந்த டாக்டரம்மாவின் முன்னால் போய் உட்கார்ந்தோம். பால் ஒவ்வாமை என்று சொன்னதும் அவர் விவரம் கேட்க ஆரம்பித்தார். வீட்டுக்காரருக்குப் பதற்றம் வந்தால் என்னைப் பற்றிப் பெருமை பேசுவார். "இவங்க சயின்ஸ் டீச்சருங்க. புள்ளைக்கு எல்லாம் பாத்துப் பாத்துத்தான் குடுப்பாங்க" என்றார்.

டாக்டரம்மா சிரித்தார். "அப்ப எனக்கு வேல மிச்சம். இந்த மாதிரி கொழந்தைங்களுக்கு நெறய வீட்ல சோயாவ அவங்களே அரச்சுக் குடுத்துடுறாங்க. அதுல புரதம் இருக்கும், கால்சியம் பேருக்குத்தான் இருக்கும். பேரு என்னமோ பால். வருஷக்கணக்கா அதையே குடுத்தா எலும்பு என்னத்துக்கு ஆகும்? நீங்க பாக்கெட் சோயா பால்தானே குடுக்குறீங்க?"

ஐந்து வருஷமாக நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது அந்த நிமிஷத்தில்தான் எனக்குத் தெரிந்தது. தெரிந்த அடுத்த நிமிஷம் "ஆமாங்க" என்றேன். சயின்ஸ் டீச்சர் என்ற வார்த்தை இன்னும் அந்த அறையில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிள்ளையின் தொடையை அமுக்க மட்டும் கை வந்தது.

வெளியே வந்ததும் வீட்டுக்காரர், "ஏம்மா அப்படிச் சொன்ன?" என்றார்.

"மருந்துதான் குடுத்துட்டாங்கள்ல. இனிமே பாக்கெட் வாங்கிட்டாப் போச்சு. இத ஒரு பெரிய விஷயமாப் பேசாதீங்க" என்று எரிந்து விழுந்தேன். மன்னார்குடியில் இறங்கியதும் முதல் வேலையாக ஒரு பெட்டி பாக்கெட் வாங்கினேன். நான் சொன்ன பொய்யை உண்மையாக்கிவிடலாம் என்று ஒரு எண்ணம். பொய் சொன்ன அன்றே தொடங்கிவிட்டால் அது பாதிப் பொய்தானே என்றுகூட மனசு கணக்குப் போட்டது. என் மகள் இடது கையால் டம்ளரைப் பிடித்துக் குடித்துவிட்டு, "இது நல்லாருக்கும்மா. வாடையே இல்ல" என்றாள். நான் கிரைண்டரைத் துணி போட்டு மூடினேன்.

விஷயம் அதோடு முடிந்திருந்தால் நான் இதை யாருக்கும் சொல்லியிருக்க மாட்டேன். முடியவில்லை. ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. கால்சியம் குறைவு, வைட்டமின் டி ரொம்பக் குறைவு. டாக்டரம்மா மருந்தை ஆரம்பித்துவிட்டார், ஆனால் காரணத்தைத் தேடினார். சத்துச் சேர்த்த பால் தினம் இரண்டு வேளை குடிக்கிற பிள்ளை, வெயிலில் ஓடி ஆடுகிற பிள்ளை, இதற்கு ஏன் இப்படி? சிறுநீரகத்தில் ஏதாவது கோளாறா, சுரப்பியில் கோளாறா, சாப்பிடுவது குடலில் சேராமல் போகிறதா? நல்ல டாக்டர் எப்படித் தேடுவாரோ அப்படித் தேடினார். நான் காட்டிய தப்பு வழியில் தேடினார்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும் என்றார்கள். வலது கையில் கட்டு, இடது கையில்தான் எடுக்க வேண்டும். நரம்பு கிடைக்கவில்லை. முதல் குத்தில் வரவில்லை. இரண்டாவது குத்தில் கொஞ்சம் வந்து நின்றுவிட்டது. மூன்றாவதாகப் புறங்கையில் குத்தினார்கள். நான் அவளை மடியில் வைத்துக் கையை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். "அவ்வளவுதான்டா, அவ்வளவுதான்டா" என்று சொல்லிக்கொண்டே பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் கத்தவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலி தாங்காமல் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

அந்தப் பரிசோதனையில் ஒன்றும் வரவில்லை. டாக்டரம்மாவுக்கு இன்னும் கவலை அதிகமானது. "வாய் வழியா ஒரு டியூப் விட்டு கொடல உள்ள பாத்துடலாம். திருச்சியில பண்ணணும். மயக்க மருந்து குடுத்துத்தான் பண்ணுவாங்க. சின்ன பிள்ளைங்களுக்குப் பண்றதுதான், பயப்படாதீங்க" என்று ஒரு புதன்கிழமைக்குத் தேதி குறித்துக் கொடுத்தார்.

பால் அலர்ஜி உள்ள பிள்ளை, மயக்க மருந்து, குழாய். எதற்கு? அவள் குடலில் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். இந்த உலகத்தில் அது தெரிந்தவர்கள் மூன்றே பேர், அதில் ஒருத்தி அந்தப் பிள்ளை.

அப்போதும் உடனே சொன்னேனா? இல்லை. போன் பண்ணிச் சொல்லிவிடலாம் என்று ஒரு நாள் போனது. கடுதாசி மாதிரி எழுதிக் கொடுத்துவிடலாம் என்று ஒரு நாள். தேதிக்கு முன்னால் எலும்பு நன்றாகிவிட்டது என்று அவர்களே சொல்லிவிட மாட்டார்களா என்று இன்னொரு நாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்காரர் வயலிலிருந்து வந்து காலைக் கழுவிக்கொண்டே பேசினார். என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன வருஷம் நட்ட பயிரு செவந்து போச்சு, ஞாபகம் இருக்கா? விவசாய ஆபீசர் வந்து என்னென்ன ஒரம் போட்டீங்கன்னு கேட்டாரு. நான் போடாத சிங்க் சத்த போட்டேன்னு சொல்லியிருந்தா, அவரு என்ன பண்ணியிருப்பாரு? பூச்சிக்கு மருந்து எழுதியிருப்பாரு. நான் அதையும் வாங்கி அடிச்சிருப்பேன். பயிரு போயிருக்கும், ஆனா அவரு மேல தப்பு இல்ல."

துடைத்துக்கொள்ளத் துண்டை நீட்டினேன்.

"நான் சொல்லிடவா?" என்றார்.

"வேணாம். நானே சொல்றேன்" என்றேன். இவர் இவ்வளவு நாள் எனக்காக வாயை மூடிக்கொண்டு இருந்ததும் என் தப்பில்தான் சேரும் என்று அப்போது தோன்றியது.

சனிக்கிழமை பள்ளி இல்லை. மஞ்சள் ஃபைலை எடுத்துக்கொண்டு மகளோடு தஞ்சாவூருக்கு பஸ் ஏறினேன். அவளை விட்டுவிட்டுப் போயிருக்கலாம். அவள் இல்லாமல் போனால் பாதியைச் சொல்லி மீதியை மறைத்துவிடுவேன் என்று என் மேலேயே எனக்குப் பயமாக இருந்தது.

டாக்டரம்மாவின் முன்னால் பழைய சீட்டை எடுத்து வைத்தேன். கோடு போட்ட இடத்தைக் காட்டினேன். "இத நான் கேக்கலைங்க. வீட்டுலதான் அரச்சுக் குடுத்தேன். ரெண்டு வயசுலேர்ந்து, கை ஒடையிற வரைக்கும். உங்ககிட்ட பாக்கெட்னு பொய் சொல்லிட்டேன்."

அவர் பேனாவை மூடினார். "அஞ்சு வருஷம்."

"ஆமாங்க."

"மொத நாளே சொல்லியிருந்தா நான்..." என்று ஆரம்பித்தவர் என் மகளைப் பார்த்தார். மகளின் இடது புறங்கையில் ஊசி குத்திய இடம் இன்னும் லேசாகப் பச்சையாக இருந்தது. அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. திருச்சிக்கு போன் போட்டு புதன்கிழமைத் தேதியை ரத்து செய்தார். மருந்தைத் தொடரச் சொன்னார், பாக்கெட் பால், கேழ்வரகு, எள், கீரை, முள்ளோடு சாப்பிடக் கூடிய சின்ன மீன், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார். "இப்பவாச்சும் சொன்னீங்களே டீச்சர்" என்று மட்டும் கடைசியில் சொன்னார். நன்றாகத் திட்டியிருக்கலாம். திட்டு வாங்கத் தயாராகத்தான் போயிருந்தேன். அது கிடைக்காமல் வெளியே வந்தபோது கையில் எதையோ தூக்கிக்கொண்டு, இறக்கி வைக்க இடமில்லாமல் நிற்கிற மாதிரி இருந்தது.

இப்போது அவளுக்குப் பத்து வயது. மூன்று மாதத்திலேயே ரத்தத்தில் எல்லாம் சரிக்கு வந்துவிட்டது. கால் வலி போய்விட்டது. வகுப்பில் இப்போதும் குள்ளம்தான், அது என் குடும்பத்தால் வந்ததா என் கிரைண்டரால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது, நானும் யாரையும் கேட்பதில்லை. வலது கை முழுசாக நீட்டினால் லேசான ஒரு வளைவு தெரியும், தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். குடிபோன அன்று எடுத்த போட்டோவைக் கழற்றப் போனேன். "ஏம்மா, நல்லாத்தானே இருக்கு" என்று அவள் தடுத்துவிட்டாள். ஆகையால் கூடத்துக்குள் போகும்போதும் வரும்போதும் அந்த வெள்ளை மீசையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன்.

வகுப்பில் எலும்புப் பாடம் வரும்போது நடந்ததைப் பிள்ளைகளிடம் சொல்லிவிடுகிறேன், பாக்கெட், மூட்டை எல்லாவற்றையும். சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பொய் சொன்னதை மட்டும் இதுவரை அவர்களிடம் சொன்னதில்லை. அதை இங்கேதான் முதல் தடவையாகச் சொல்கிறேன், காரணம் அந்தச் சனிக்கிழமை திரும்பி வரும்போது பஸ்ஸில் நடந்தது.

ஜன்னலோர சீட்டில் அவள், பக்கத்தில் நான். ஊரைத் தாண்டி வயல்வெளி வந்ததும் கேட்டாள்.

"அம்மா, அப்ப அந்த டியூப் வேணாமா?"

"வேணாம்டா."

கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். நாற்று விட்டிருந்தார்கள், பச்சை ஒரு பக்கமும் சேறு ஒரு பக்கமுமாகப் போய்க்கொண்டிருந்தது. அவள் இடது கையைத் தூக்கிப் புறங்கையைப் பார்த்தாள்.

"அப்ப இந்த ஊசி? இந்த மூணு தடவ குத்துனது? அதுவும் வேணாததுதானா?"

வேறு ஏதாவது சொல்லலாமா என்று அப்போதும் ஒரு கணம் மனசு தேடியது. வெட்கமில்லாமல் தேடியது.

"ஆமா. வேணாததுதான். நான் மொதல்லயே சொல்லியிருந்தா குத்தியிருக்க மாட்டாங்க."

அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. ஏதோ கணக்குக்கு விடை சரிதான் என்று தெரிந்துகொண்ட மாதிரி தலையை ஆட்டினாள்.

"நான் அன்னிக்கே டாக்டர்கிட்ட சொல்ல வந்தேன். நீ தொடையில அமுக்குன. அதான் சொல்லல."

"தெரியும்டா."

"அப்பறம் நீயே சொல்லுவேன்னு நெனச்சேன். ஊசி போடுறப்பகூட, இப்ப சொல்லிடுவே, இப்ப சொல்லிடுவேன்னு உன்னையேதான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

அவள் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. முதல் குத்து, இரண்டாவது குத்து, மூன்றாவது குத்து, மூன்றுக்கும் அவள் கண் என் வாயில்தான் இருந்தது, நான் அவள் கையை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.